கண்ணாடி போடாத மூலை

மயிலாப்பூர்,
28-8-1943

ஜனாப் அன்வர் பாஷா அவர்களுக்கு,

பள்ளிவாசல் காரியதரிசி என்ற முறையில் இதை எழுதுகிறேன். உங்கள் மனைவியின் அண்ணன் என்ற முறையில் அல்ல.

நோன்புக் கஞ்சிக்காக நம் ஜமாஅத்துப் பெண்கள் தினமும் உலையில் போடும்போது ஒரு பிடி ஒதுக்கிச் சேர்த்த அரிசி, பள்ளிவாசல் பின்கட்டு அறையில் இருந்தது. அறைச் சாவி இரண்டு வருஷமாக உங்களிடம் இருந்தது. போன வெள்ளிக்கு முந்திய வெள்ளி, நோன்பு நெருங்குகிறதே என்று மூட்டைகளை இறக்கிப் பார்த்தபோது பாதி அரிசி இல்லை. ஜும்மாவுக்கு வந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். பர்மா அரிசி நின்றுபோய், ஜனங்கள் கடை வாசலில் பொழுது விடிவதற்கு முன்பே வரிசையில் நிற்கிற காலம் இது.

எல்லோர் முன்னிலையிலும் உங்களைப் பெருச்சாளி என்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான். நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தீர்கள். மூன்றாம் நாள் வீட்டைக் காலி செய்து, என் தங்கையையும் அழைத்துக்கொண்டு சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய்விட்டீர்கள். குற்றமில்லாதவன் எதற்கு ஓடுகிறான் என்று இங்கே பேசுகிறார்கள். நான் பேசவில்லை. பேசுகிறவர்களைத் தடுக்கவும் இல்லை.

சாவியை உடனே அனுப்பவும்.

வலியுல்லா மேஸ்திரி,
காரியதரிசி


சிந்தாதிரிப்பேட்டை,
2-9-1943

மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதத்தில் ஸலாம் இல்லை. நோன்பு பிறந்துவிட்டது, அதனால் உங்கள் பங்கையும் சேர்த்து நானே இரண்டு முறை சொல்லிக்கொள்கிறேன்.

சாவியை அன்றைக்கே பாங்கு சொல்கிற மோதினாரிடம் கொடுத்தேன். கொடுக்கும்போது நீங்கள் அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தீர்கள். ஆகவே அண்ணன் சாவிக்காக எழுதவில்லை என்று ஷம்ஷாத் சொல்கிறாள்.

அந்த அறையின் தரைத் தளத்தைப் பாருங்கள் என்று நான் உங்களிடம் மூன்று தடவை சொன்னேன். மூட்டைகளின் அடிப்பக்கம் பிய்ந்திருந்தது, மூட்டை அடுக்கிய பலகைக்குக் கீழே புதுமண் கிடந்தது. 'பலகையைத் தூக்கிப் பாத்துடலாம் மச்சான்' என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். 'நான் போட்ட தளம்டா அது. செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, நடுவுல ஒரு விரக்கடை சோடா பாட்டில் கண்ணாடி. அதுல பெருச்சாளி பூந்துச்சுன்னா என் பேரை மாத்திக் கூப்பிடு' என்றீர்கள். பெருச்சாளி புகுந்தது. பேர் எனக்கு மாறிவிட்டது.

நான் ஓடவில்லை. நீங்கள் சொன்ன மறுநாள் மீன்காரி தேசம்மா கூடையை வாசலில் இறக்கினாள். அவளுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, உங்களுக்கே தெரியும். 'இன்னா பாயம்மா, முனையில பாஷா வூடுன்னா, பெருச்சாளி வூடான்னு கேக்கறானுங்கோ. இன்னா சமாச்சாரம்?' என்றாள். என் பெண் சகினா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினெட்டு வயது. அன்று சாயங்காலமே நான் வீடு தேடப் புறப்பட்டேன்.

இங்கே பட்டாளத்துக்குக் காக்கி தைக்கிற வேலை கிடைத்திருக்கிறது. என்னை டைலர் பாய் என்று கூப்பிடுகிறார்கள். அந்தப் பேர் எனக்குப் போதும்.

அன்வர் பாஷா


மயிலாப்பூர்,
9-9-1943

அன்வர் பாஷாவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

நான் பள்ளிக்கூடத்துப் படி ஏறாதவன். தியாகராய நகரில் பங்களாக்கள் எழும்பிய நாளில், சாரத்தில் நின்றபடி சுவரில் ஒட்டிய நோட்டீசுகளைப் பார்த்து எழுத்துக் கற்றவன். செங்கல்லை இரண்டு விரலால் தட்டிப் பார்த்து வைப்பதுபோல, ஒரு வார்த்தையையும் தட்டிப் பார்த்துத்தான் வாயிலிருந்து விடுவேன்.

எலி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எலி பசிக்குக் கவ்விக்கொண்டு ஓடும். அதைத் திருட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. பெருச்சாளி வீட்டோடு இருக்கும். வீட்டுச் சோற்றில் கொழுக்கும். கொழுத்த பிறகு அந்த வீட்டின் அஸ்திவாரத்தையே தோண்டும். அதனால்தான் பொதுச்சொத்தை உள்ளே இருந்தபடி தின்கிறவனை ஜனங்கள் அந்தப் பேரால் சொல்கிறார்கள். சாவி உங்களிடம் இருந்தது. வார்த்தை பொருந்தியது. சொன்னேன்.

தளத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். முப்பத்தைந்து வருஷத்தில் நான் போட்ட தளம் எதுவும் வாய் பிளந்ததில்லை. அடையாற்றில் துரைகள் வீட்டுச் சமையல்கட்டில்கூட என் தளம் இருக்கிறது. ஊசி பிடிக்கிறவர் தளத்தைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம்.

இந்த வருஷம் கஞ்சி தண்ணீராக இருக்கிறது. அஸர் தொழுகைக்குப் பிறகு தூக்குப் பாத்திரத்தோடு வருகிற பிள்ளைகளுக்கு அகப்பையை அடிவரை விட்டுக் கலக்கி ஊற்றச் சொல்லியிருக்கிறேன். ஷம்ஷாத்துக்கு நம் பள்ளிவாசல் கஞ்சி இல்லாமல் நோன்பு திறந்த நினைவே இருக்காது. இதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

வலியுல்லா


சிந்தாதிரிப்பேட்டை,
20-9-1943

மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

சொல்ல வேண்டாம் என்று எழுதியதை அவளே படித்துவிட்டாள். என் மூக்குக்கண்ணாடி உடைந்திருப்பதால் உங்கள் கடிதங்களை அவள்தான் படித்துக் காட்டுகிறாள். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தாள்.

பெருச்சாளியைப் பற்றி நீங்கள் பெரிய விளக்கம் எழுதியிருக்கிறீர்கள். நான் இரண்டு வருஷம் அதனோடு பழகியவன். பூனை அளவு இருக்கும். முதுகு மயிர் முள்ளுமுள்ளாக நிற்கும். விரட்டினால் பன்றிபோல உறுமும். ஒரு நாள் விளக்குமாற்றை ஓங்கினேன், அது என் கால் மேலேயே ஏறி ஓடியது. மச்சான், அதற்கு எந்த வஞ்சகமும் தெரியாது. மண் இளகிய இடத்தில் தோண்டும், அவ்வளவுதான். வஞ்சகத்தை அதன் தலையில் வைத்தவர்கள் மனிதர்கள்.

இதை விடுவோம். வேறு விஷயமாக எழுதுகிறேன். இதற்காக என் மானத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டேன்.

சகினாவுக்கு இங்கே ஒரு இடம் வந்திருக்கிறது. சாயப்பட்டறை வைத்திருக்கிற ஹபீபுர் ரஹ்மான் பாயின் இரண்டாவது மகன். குடும்பம் கண்ணியமானது. பையன் என் கடைக்கு முன்னால் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறான், அதிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. பெருநாள் கழித்து நிக்காஹ் வைக்கலாம் என்கிறார்கள். வழக்கம்போலப் பெண்ணின் பழைய ஜமாஅத்திலிருந்து ஒரு கடிதம் கேட்கிறார்கள். இன்னார் குடும்பம் எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்தது, இந்த நிக்காஹுக்கு ஆட்சேபணை இல்லை என்று இரண்டு வரி. நிக்காஹ் பதிவுப் புத்தகத்தில் ஒட்டுவதற்கு. அதை எழுத வேண்டியவர் காரியதரிசி.

இரண்டு வரி போதும் மச்சான். என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் எழுத வேண்டாம்.

அன்வர் பாஷா


மயிலாப்பூர்,
25-9-1943

அன்வர் பாஷாவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

இரண்டு வரி எழுத இரண்டு நிமிஷம் போதும். ஆனால் அதன் கீழே விழுவது என் கையெழுத்து. ஜமாஅத் முன்னால் ஒருவனைப் பெருச்சாளி என்று சொன்ன வாயோடு, அதே மனிதனைப் பற்றி ஆட்சேபணை இல்லை என்று எப்படி எழுதுவது? நாளைக்கு ஒருவன் எழுந்து, 'இன்னா மேஸ்திரி, வூட்டுப் பொண்ணுன்னதும் தராசு சாஞ்சிடிச்சா?' என்று கேட்பான். நானாக இருந்தாலும் கேட்பேன்.

வழி ஒன்று இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை பெருநாள். தொழுகைக்கு இங்கே வாருங்கள். முடிந்ததும் எழுந்து, அரிசி விஷயத்தில் என் பக்கம் தவறு நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். விவரம் யாரும் கேட்க மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். அன்றே கடிதம் தருகிறேன். சகினாவுக்குத் தாய்மாமன் முறையில் மாமு செய்ய வேண்டியதையும் குறைவில்லாமல் செய்வேன்.

தளத்தைப் பற்றி இனி எழுத வேண்டாம். நான் அந்த அறைக்குள் போவதையே நிறுத்திவிட்டேன். மோதினார்தான் அரிசி எடுத்துக் கொடுக்கிறார்.

வலியுல்லா


மயிலாப்பூர்,
9-10-1943
(கார்டு)

பெருநாளைக்கு நீங்கள் வரவில்லை. அது இருக்கட்டும். கூவம் கரை உடைந்து சிந்தாதிரிப்பேட்டையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததாக இங்கே சொல்கிறார்கள். லஸ்ஸில் டிராம் ஓடவில்லை. ஐஸ்ஹவுஸ் வரை நடந்து வந்தேன், அதற்கு மேல் போலீஸ் விடவில்லை. ஷம்ஷாத் எப்படி இருக்கிறாள்? சகினா? ஒரு வரி போதும்.

வலியுல்லா


சிந்தாதிரிப்பேட்டை,
11-10-1943
(கார்டு)

வாசற்படி வரை வந்து நின்றது. தையல் மெஷினைக் கட்டில் மேல் ஏற்றினோம். எல்லோரும் நலம். நடந்து வந்ததற்கு ஷம்ஷாத் ஸலாம் சொல்கிறாள்.

அன்வர்


மயிலாப்பூர்,
13-10-1943

மாப்பிள்ளை அன்வர் பாஷாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தத் தடவை ஸலாத்தை நான் முதலில் சொல்லிவிட்டேன்.

மழை இங்கேயும் பள்ளிவாசல் பின்கட்டுக்குள் வந்தது. கணுக்கால் அளவு தண்ணீர். நாலு பேர் வாளியால் இறைத்துக்கொண்டிருந்தோம். மோதினார் சட்டென்று நிறுத்தி, 'மேஸ்திரி, நாம மொள்றதுக்கு மின்னாடி தண்ணி தானா எங்கியோ போவுது பாருங்க' என்றார். பலகைக்குக் கீழே, வடகிழக்கு மூலையில், தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன். கடப்பாரையை நானே எடுத்தேன்.

நாலு குத்தில் தளம் உள்ளே இறங்கிவிட்டது. கீழே என் தோள் நுழைகிற அளவுக்கு வளை. தெருச் சாக்கடை வரைக்கும் போகிறது. உள்ளே கூடை கூடையாக அரிசி, ஊறிக் கறுத்து, நாற்றம் எடுத்து. சாக்குப் பிசிர். உன் இஞ்சு டேப்பில் ஒரு சாண் துண்டு. தாய்ப் பெருச்சாளி ஒன்று நனைந்தபடி ஏறி வந்தது. நீ எழுதியது சரி. உறுமியது. என்னைப் பார்த்து அது பயப்படவில்லை.

இதோடு கடிதத்தை முடித்திருந்தால், எனக்கு இப்போதுதான் தெரிந்தது என்று நீ நினைத்துக்கொள்வாய். அப்படி இல்லை. அதனால் மீதியையும் எழுதுகிறேன்.

அந்தத் தளத்தைப் போட்ட அன்று கண்ணாடி தீர்ந்துவிட்டது. மற்ற இடமெல்லாம் போட்டாயிற்று, அந்த மூலையில் மட்டும் ஒரு முழம் பாக்கி. சோடாக் கடைக்காரன் நாளைக்கு உடைந்த பாட்டில் தருகிறேன் என்றான். அன்று நோன்புக்குப் பிறை பார்க்கிற நாள். அரிசியை உள்ளே வைக்க ஜனங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு முழம்தானே என்று வெறும் சுண்ணாம்பை இழுத்து மூடி, மேலே பலகையைப் போட்டுவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தளத்தை ஊரெல்லாம் மெச்சினார்கள். நானும் மெச்சிக்கொண்டேன்.

நீ பலகையைத் தூக்கிப் பார்க்கலாம் என்று முதல் தடவை சொன்னபோதே எந்த மூலை என்று எனக்குத் தெரியும். அந்த வெள்ளிக்கிழமை எல்லோரும் அரிசியைப் பார்த்து நின்றபோது, நீ என் பக்கம் திரும்பி, 'மச்சான், அந்த மூலைய' என்று ஆரம்பித்தாய். வேறு யார் காதிலும் அது விழவில்லை. நீ முடிப்பதற்குள் நான் கத்திவிட்டேன். வார்த்தையைத் தட்டிப் பார்த்துச் சொன்னேன் என்று எழுதினேனே, அது பொய். வாயில் வந்தது அதுதான். மனதில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

வருகிற வெள்ளி ஜும்மா முடிந்ததும் இங்கே எழுந்து நின்று இதையெல்லாம் சொல்லப் போகிறேன். இந்த மாதக் கடைசியோடு காரியதரிசி வேலையை விடுவதாகவும் சொல்வேன். அது மட்டும் போதாது. உன்னைப் பற்றி அங்கே ஒரு சந்தேகமும் இருக்கக் கூடாது. அதனால் உங்கள் ஜமாஅத்துக் காரியதரிசி சர்தார் பாய்க்கு நாலு பக்கக் கடிதம் எழுதி, ஜும்மாவில் எல்லோருக்கும் கேட்கும்படி படிக்க வேண்டும் என்று கேட்டு இன்று தபாலில் சேர்த்துவிட்டேன். சகினாவுக்கான சம்மதமும் அதிலேயே இருக்கிறது. அரிசி, தளம், கண்ணாடி, நான் சொன்ன வார்த்தை, அதற்கு என்ன அர்த்தம், அது உனக்கு ஏன் பொருந்தாது, எல்லாம் விவரமாக எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை எந்த மூலையையும் விடவில்லை.

வலியுல்லா


சிந்தாதிரிப்பேட்டை,
18-10-1943

மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதம் எனக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கிடைத்தது. சர்தார் பாய்க்கு வியாழக்கிழமையே கிடைத்துவிட்டது. ஜும்மா முடிந்ததும், 'யாரும் எழுந்திருக்க வேணாம், மயிலாப்பூர்லேர்ந்து நம்ம டைலர் பாயைப் பத்திக் கடுதாசி வந்திருக்குது' என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு நல்ல கணீர்க் குரல். நாலு பக்கத்தையும் படித்தார். அந்த வார்த்தை பதினோரு இடத்தில் வந்தது. எண்ண வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். எல்லோரும் இரக்கப்பட்டார்கள். ஒரு பெரியவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, 'மெய்யாலுமே ஒங்கள அப்டித்தான் சொன்னாங்களா பாய்? பெருச்சாளின்னா? அட அல்லாவே' என்று கண் கலங்கினார். நான் ஆமாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. இந்தப் பேட்டையில் அதுவரைக்கும் நான் அதைச் சொன்னதில்லை.

நேற்று இரண்டு பேர் துணி கொடுக்க வந்தார்கள். ஒருவன் மற்றவனிடம் மெதுவாகத்தான் சொன்னான், எனக்குக் கேட்டது. 'இவருதாம்ப்பா அந்தப் பெருச்சாளி பாயி. பாவம், தப்பா சொல்லிட்டாங்களாம்.' மச்சான், அதில் 'தப்பா' என்பது இன்னும் ஒரு மாதத்தில் உதிர்ந்துபோகும். 'பாவம்' அதற்கும் முன்னாலேயே போய்விடும். பேர் நிற்கும். மயிலாப்பூரிலிருந்து டிராம் ஏறி வர மறந்திருந்த அந்தப் பேரை நீங்கள் தபாலில் அனுப்பி வைத்துவிட்டீர்கள்.

உங்கள் மீது கோபம் இல்லை. அந்த மூலையைப் பற்றி நீங்கள் எழுதியதை ஷம்ஷாத் இரண்டு தடவை படித்துக் காட்டினாள். அதை எழுதுவதற்கு உங்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன்னால், அந்த அறையில், என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் போதும். நான் வெளியே சொல்லியிருக்க மாட்டேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து கண்ணாடி உடைத்துப் போட்டிருப்போம்.

ஹபீபுர் ரஹ்மான் பாய் வீட்டுக்கு வந்தார். சம்பந்தத்தை விடவில்லை, அவ்வளவு நல்ல மனிதர். ஆனால் அந்த நாலு பக்கத்தைப் பதிவுப் புத்தகத்தில் ஒட்ட அவருக்கு மனமில்லை. 'நாளைக்கி எம் பேரப்புள்ளைங்கோ அந்தப் பொஸ்தகத்தைப் பொரட்டிப் பாக்கும் பாய். அதுல அந்தப் பேரு வாணாம்' என்றார். அவர் சொல்வது நியாயம். பழையபடி இரண்டு வரிதான் கேட்கிறார். காரியதரிசி வேலையை விடுவதற்கு முன்னால் அதை மட்டும் எழுதிக் கொடுங்கள். அது இருந்தால் 29ஆம் தேதி வெள்ளிக்கிழமை நிக்காஹ்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இதை எழுத நான் இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். நிக்காஹுக்கு நீங்கள் வர வேண்டாம். நீங்கள் வந்தால் யாராவது ஒருவர் கேட்பார். கேட்டால் நீங்கள் சொல்வீர்கள். சொன்னால் முழுதாகச் சொல்வீர்கள். உங்களுக்கு வேறு மாதிரி வராது. சகினா, 'மாமு வரட்டுமே வாப்பா' என்றுதான் சொன்னாள். ஷம்ஷாத்தான் வேண்டாம் என்றாள். சொல்லிவிட்டு, நீங்கள் அவள் கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த பச்சைச் சேலையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதை அவள் சகினாவுக்குக் கட்டப் போகிறாள்.

அன்வர் பாஷா


மயிலாப்பூர்,
21-10-1943

மாப்பிள்ளை, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ கேட்டது இதோடு இருக்கிறது. மூன்று தாள் கிழித்த பிறகு இது நின்றது.

அந்த மூலைக்குக் கண்ணாடி போட்டுவிட்டேன். 29ஆம் தேதி இங்கேயே ஜும்மா தொழுவேன். அப்புறம் வீட்டுக்குப் போய்விடுவேன்.

கையெழுத்துக்குக் கீழே மாமு என்று போடத்தான் பேனாவை எடுத்தேன். பதிவுப் புத்தகத்துக்கு அது ஆகாது.

வலியுல்லா


மயிலாப்பூர்,
21-10-1943

சிந்தாதிரிப்பேட்டை ஜமாஅத் காரியதரிசி அவர்களுக்கு,

ஜனாப் அன்வர் பாஷா அவர்களின் குடும்பம் எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்தது. அவர் மகள் சகினாவின் நிக்காஹுக்கு எங்களுக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை.

வலியுல்லா,
காரியதரிசி